எடை கட்டிய நிம்ஃப்: வடசென்னையில் உட்கார்ந்து டிரவுட் ஃப்ளை கட்டுவது எப்படி

டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். அதனால் தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களில்தான் அது பிழைக்கிறது. அங்கேயும் அது வெளியிலிருந்து வந்த மீன்தான். 1860களில் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. 1907-இல் மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த காலத்துக்குப் பிறகே வானவில் டிரவுட் அந்த ஓடைகளில் நிலைத்தது.

சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி ஆட்களுக்கு ரயில் பக்கம்தான். டிரவுட்டுக்கு வேண்டிய ஃப்ளைதான், அதாவது பூச்சி மாதிரி தெரிய இறகும் நூலும் சுற்றிக் கட்டிய தூண்டில் முள்தான், பக்கத்தில் கிடைக்காது. நாமே கட்டிக்கொள்ளலாம். முள்ளைத் தவிர மற்ற சாமான் ஏறக்குறைய எல்லாமே நம்ம ஏரியாவில் இருக்கிறது. எந்தக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு ஃப்ளையைத்தான் கற்றுக்கொள்வேன் என்றால், எடை வைத்துக் கட்டிய நிம்ஃப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். மேலே மிதக்கிற ஃப்ளை பார்க்க அழகு. அதை டிரவுட் வந்து கவ்வுகிற காட்சி அதைவிட அழகு. ஆனால் டிரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் முடித்துக்கொள்கிறது.

நிம்ஃப் என்றால் என்ன, அதற்கு எடை எதற்கு

மலை ஓடையில் கால் வைத்து ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு ஓடும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். தட்டையான தலை, ஆறு கால், வால் பக்கம் முடி மாதிரி இரண்டு அல்லது மூன்று இழை. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பறக்கும் பூச்சிகளின் இளம் பருவம் இது, பெயர் நிம்ஃப். சிறகு முளைத்து வெளியே வருமுன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே கழிக்கும். பிடி நழுவி ஓட்டத்தில் அடித்துவரும்போது டிரவுட் வாய்க்குப் போகும். இதைத்தான் நாம் கட்டப்போகிறோம்.

கண், கால், செவுள் என்று அச்சு அசலாகச் செய்ய வேண்டியதில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், உடல் ஒல்லியாக இருக்க வேண்டும், மீன் இருக்கும் ஆழத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வீண்.

காசிமேட்டில் கைத்தூண்டில் போடுகிற யாரையும் கேளுங்கள், நீவாடு (கடல் நீரோட்டம்) பலமாக இருந்தால் ஈயத்தைக் கூட்டுவார்கள், தணிந்திருந்தால் குறைப்பார்கள். ஓடையிலும் இதே கணக்குதான், அளவுதான் நுணுக்கம். மேல்தண்ணீர் வேகமாக ஓடும். அடியில் கல்லும் மணலும் உரசுவதால் ஓட்டம் மெதுவாக இருக்கும். டிரவுட் அந்த மெதுவான அடிப்பகுதியில், கல்லுக்கு முன்னாலோ பின்னாலோ, சிரமப்படாமல் நின்றுகொண்டு வருவதை வாங்கிக்கொள்ளும். எடையில்லாத ஃப்ளை மேல்தண்ணீரோடு அதன் தலைக்கு மேலே ஓடிப்போய்விடும். விழுந்த இரண்டு மூன்று விநாடிக்குள் அடிக்குப் போய்ச் சேருகிற ஃப்ளைதான் நமக்கு வேண்டும்.

வெளியிலிருந்து தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு மாட்டினாலும் ஃப்ளை கீழே போகுமே என்று கேட்கலாம். போகும். ஆனால் குண்டு ஒரு பக்கம், ஃப்ளை ஒரு பக்கம் இழுபடும், மீன் தொட்டதும் கைக்குத் தெரியாது. எடை முள்ளின் தண்டிலேயே இருந்தால் நரம்பு நேராக நிற்கும், தொட்டவுடன் தெரியும்.

எடைக்கு எதைப் போடுவது என்பதற்கு அடர்த்தியைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்குப் பித்தளை சுமார் 8.5 கிராம், செம்பு சுமார் 9, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. ஃப்ளையின் தலையாக முள்ளில் கோக்கும் மணியை அதே அளவில் டங்ஸ்டனில் போட்டால் பித்தளையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடை வரும். ஆனால் டங்ஸ்டன் மணியை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், விலையும் அதிகம். கற்றுக்கொள்ளும்போது பித்தளை மணியும் அதன் பின்னால் ஈயக் கம்பிச் சுற்றும் போதும்.

சாமான் சேர்ப்பது

முதலில் முள். காசிமேட்டுக் கடைகளில் இருப்பது கடல் முள், தடிப்பும் பெரிசும் நமக்கு ஆகாது. நமக்கு வேண்டியது 12-ஆம் நம்பர், தண்டு கொஞ்சம் நீளமான நிம்ஃப் முள். நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும் என்பதை நினைவில் வையுங்கள். 14, 16 எல்லாம் இன்னும் பொடிசு. முஸ்டாட் போன்ற கம்பெனிகளின் ஃப்ளை முள்ளை ஆன்லைனில் தூண்டில் சாமான் விற்பவர்களிடம் வாங்கலாம். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்டமான முள் மீனின் வாயில் நிமிர்ந்துவிடும்.

மணிக்குச் சௌகார்பேட்டை. மின்ட் தெருவை ஒட்டிய சந்துகளில் நகை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகள் உண்டு, அங்கே 3 மில்லிமீட்டர் பித்தளை மணி கேளுங்கள். முள் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது அவசியம். ஃப்ளைக்கென்றே செய்த மணியில் ஒரு பக்கம் துளை சின்னதாகவும் மறுபக்கம் புனல் மாதிரி அகன்றும் இருக்கும், வளைவைத் தாண்டி எளிதாக ஏறும். நகை மணியில் துளை நேர்த்துளை. அதனால் கடையிலேயே முள்ளில் கோத்துப் பார்த்து, வளைவு தாண்டுகிற மணியை மட்டும் வாங்குங்கள்.

செம்புக் கம்பிக்கு மோட்டார், ஃபேன் காயில் கட்டுகிற கடைதான் சரியான இடம். அவர்கள் கம்பியை கேஜ் கணக்கில் சொல்வார்கள். 36 கேஜ் என்றால் 0.19 மில்லிமீட்டர், 38 கேஜ் 0.15 மில்லிமீட்டர். நமக்கு இரண்டுமே ஆகும், 38 இன்னும் நேர்த்தி. "அண்ணே, 38 கேஜ் கம்பி வேஸ்ட் இருந்தா ரெண்டு முழம் குடுங்க" என்று கேட்டால் பழைய சுருளிலிருந்து பிய்த்துத் தருவார்கள். மேலே பூசியிருக்கும் எனாமல் அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது; பூச்சியின் நிறத்துக்கு அது அப்படியே பொருந்தும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் என்பவர் நூலே இல்லாமல், செம்புக் கம்பியையும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் மட்டும் வைத்து ஒரு நிம்ஃப் கட்டினார். கம்பியே எடை, கம்பியே கட்டு. உலகத்தில் அதிகம் பேர் கட்டுகிற நிம்ஃப்களில் அது ஒன்று. காயில் கட்டும் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் எனக்கு வரும்.

ஈயக் கம்பி 0.5 மில்லிமீட்டர் வேண்டும். காசிமேட்டில் கிடைப்பது வார்த்த ஈயம், கம்பியாகக் கிடைக்காது. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் சால்டரிங் கம்பியில் 0.5 மில்லிமீட்டர் வரும். ஈயம் கலக்காத வகை என்று கேட்டு வாங்கினால் அது பெரும்பாலும் வெள்ளீயம்தான், அடர்த்தி 7.3 அளவில் இருக்கும். ஈயத்தைவிட எடை குறைவுதான், ஆனால் விஷமில்லை. ஓடையில் ஃப்ளை அறுந்து போவது சகஜம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன, பறவைகள் அதில்தான் மேய்கின்றன. அதனால் என் விருப்பம் வெள்ளீயம்தான், எடை குறைகிற இடத்தில் இரண்டு சுற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ஈயமே போடுவதானால் பல்லால் கடிக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நூலுக்கு ஆரி வேலைச் சாமான் கடை அல்லது பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கத்துத் தையல் சாமான் கடை. சாதாரணத் தையல் நூல் தடிப்பு. எம்ப்ராய்டரி மெஷினுக்கு அடியில் போடும் அடிநூல் என்று கேளுங்கள், மேல்நூலைவிட மெலிசாக இருக்கும். பழுப்போ கறுப்போ போதும், சிவப்பில் ஒன்று வாங்கி வைத்தால் பின்னால் பயன்படும். அதே கடையில் நுனி கூர்மையான சின்னக் கத்தரியும் கிடைக்கும். ஒரு கட்டி தேன்மெழுகு இருந்தால் நூலில் ஒருமுறை இழுத்துக்கொள்ளலாம், வழுக்காது.

வாலுக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, செம்பழுப்பில். நாட்டுக்கோழி விற்கும் கடையில் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். கொண்டுவந்து ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் ஃபிரீசரில் போடுங்கள். பேன், அந்துப்பூச்சி இருந்தால் செத்துப்போகும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுவது நல்லது.

உடலுக்குக் கம்பளி. பழைய பழுப்பு மஃப்ளர், குரங்குக் குல்லா எதிலிருந்தாவது ஒரு சாண் இழை உருவிக்கொள்ளுங்கள். கோணியிலிருந்து உருவிய சணல் நாரை அதில் கொஞ்சம் கலந்தால் உடலில் முள்முள்ளாக நார் நிற்கும், தண்ணீரில் அது கால் அசைகிற மாதிரி தெரியும்.

மார்புக்கு மயிற்பீலி. கந்தகோட்டம் பக்கம் பூஜைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மயில் தானாக உதிர்த்த வால் பீலியை வைத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் கூடாது. வேறு எந்தக் காட்டுப் பறவையின் இறகும் வேண்டாம். சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்களிடம் ஒரு காலத்தில் ஏக கிராக்கி, நம் காடுகளிலிருந்து கட்டுக்கட்டாகப் போனது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இன்று அது இருக்கிறது. யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றாலும் தொடாதீர்கள். கோழி இறகில் கட்டிய நிம்ஃப்பையும் டிரவுட் அதே ஆசையோடு எடுக்கும்.

முள்ளைப் பிடிக்க ஒரு வைஸ். ஃப்ளை வைஸ் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் நகை செய்யும் பத்தர்கள் வைத்திருக்கும் கை வைஸை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். நூலைத் தொங்கவிட பாபின் வேண்டும். அது வரும்வரை நூல் முனையில் துணி கிளிப் ஒன்றை மாட்டினால் அந்த எடையே நூலை இறுக்கமாக வைத்திருக்கும். கடைசியில் பூச, நிறமில்லாத நெயில் பாலிஷ்.

உட்காரும் இடம்

சின்ன விஷயம், ஆனால் நம்ம ஊரில் இதுதான் பாதி வேலையைக் கெடுக்கும். சீலிங் ஃபேன் ஓடினால் இறகும் கம்பளித் தூளும் பறந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை முள்ளில் படும், உப்புக்காற்றோடு சேர்ந்து இரண்டே நாளில் துரு ஏறும். விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள், அல்லது டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காலுக்கு மட்டும் காற்று வரச் செய்யுங்கள். மேசையில் வெள்ளைத் தாளை விரித்துக்கொண்டால் கீழே விழுந்த மணி கண்ணுக்குத் தெரியும். துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், அடிக்கடி கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

கட்டுவது

முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் மெதுவாக அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மணி எளிதாக ஏறும், சின்ன மீனைக் காயமில்லாமல் விட முடியும், விரலில் குத்தினாலும் வெளியே வந்துவிடும். ஃப்ளை கட்டி முடித்த பிறகு அழுத்தும்போது முள் உடைந்தால் அத்தனை உழைப்பும் போய்விடும், அதனால் இது முதல் வேலை.

மணியை முனை வழியாகக் கோத்து வளைவைத் தாண்டி, நரம்பு கட்டும் துளையான முள்ளின் கண் வரை தள்ளுங்கள். புனல் துளை மணியானால் சின்னத் துளை முதலில் நுழைய வேண்டும், அப்போதுதான் அகன்ற பக்கம் வால் பார்த்து இருக்கும். முள்ளை வைஸில் மாட்டுங்கள். வளைவின் அடிப்பகுதி மட்டும் பிடிபட்டால் போதும். தண்டு தரைக்கு இணையாக நிற்கட்டும்.

இப்போது எடை. ஈயக் கம்பியையோ வெள்ளீயக் கம்பியையோ தண்டின் நடுவிலிருந்து மணியைப் பார்த்து, சுற்றோடு சுற்று ஒட்டி, 10 சுற்று சுற்றுங்கள். இரண்டு முனையையும் நகத்தால் அழுத்தி ஒட்ட வெட்டிவிட்டு, சுருள் முழுவதையும் கட்டைவிரல் நகத்தால் மணிக்குள் தள்ளுங்கள். மணி ஆடாமல் நிற்கும். கணக்குப் போட்டால், 0.5 மில்லிமீட்டர் ஈயக் கம்பி 10 சுற்று என்பது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் கம்பி, எடை 0.08 கிராம் அளவில் வரும். வெள்ளீயமானால் 0.05. பித்தளை மணி ஏறக்குறைய 0.09. மொத்தத்தில் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சின்ன ஃப்ளைக்கு அதுவே தாராளம்.

எடை மணிக்குப் பக்கத்தில், முன்பாதியில்தான் இருக்க வேண்டும். தண்டு முழுக்க ஈயம் சுற்றினால் இன்னும் வேகமாக இறங்குமே என்று தோன்றும். இரண்டு கெடுதல் வரும். வால் பக்கம் தடித்து உடல் உருளையாகிவிடும். நிஜப் பூச்சி முன்னால் தடித்து வாலை நோக்கி ஒடுங்கும். அதைவிட முக்கியம், எடை முன்னால் இருந்தால் ஃப்ளை தலைகீழாகக் குத்திட்டு இறங்கும், நரம்பை லேசாகத் தூக்கினால் தலை மேலே எழும்பும். இந்த ஏற்ற இறக்கம்தான் உயிருள்ளது மாதிரி காட்டுகிறது. எடை பரவிக் கிடந்தால் ஃப்ளை குச்சி மாதிரி படுத்தபடியே போகும்.

எடைக்குப் பின்னால் வெறும் தண்டில் நூலைத் தொடங்குங்கள். நூலைத் தண்டின்மேல் வைத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்று பின்னோக்கிச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும், மிச்ச நுனியை வெட்டிவிடலாம். ஈயச் சுருள் முடிகிற இடத்தில் படி மாதிரி ஒரு இறக்கம் இருக்கும். அந்த இடத்தில் நூலைக் கொஞ்சம் அதிகம் சுற்றிச் சரிவாக்குங்கள். பிறகு சுருளின்மேல் குறுக்கும் நெடுக்குமாக மணி வரை போய்த் திரும்புங்கள். ஒரு சொட்டு நெயில் பாலிஷ். விரலால் திருகிப் பார்த்தால் சுருள் அசையக் கூடாது. இங்கே அசைந்தால் மேலே கட்டுவதெல்லாம் ஓடையில் சுழன்றுவிடும்.

வாலுக்குச் சேவல் இறகிலிருந்து நாலைந்து இழைகளை நுனி சமமாக இருக்கும்படி பிடித்துப் பிய்த்துக்கொள்ளுங்கள். வளைவு தொடங்கும் இடத்தில், தண்டின் மேல் பக்கம் வைத்து, முதல் சுற்றைத் தளர்வாகப் போட்டு இரண்டாவது சுற்றை இறுக்குங்கள். நேராக இறுக்கினால் இழைகள் முள்ளின் மறுபக்கம் சுழன்று போய்விடும். வால் நீளம் உடலில் பாதி. நீளமாக விட்டால் மீன் வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

அதே இடத்தில் செம்புக் கம்பியின் ஒரு முனையைக் கட்டி, மீதியைப் பின்னால் தொங்கவிடுங்கள்.

கம்பளியைக் கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, சணல் நாரோடு சேர்த்து விரலால் பிசைந்து பஞ்சாக்குங்கள். நூலில் ஒட்டி முறுக்குவதற்கு எடுக்கும் பஞ்சு மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும், நூல் லேசாகத் தெரிகிற அளவு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே திசையில் முறுக்குங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் முறுக்கிய மாதிரி இருக்கும், ஒட்டாது. பஞ்சு ஏறிய நூலை வாலிலிருந்து மணியைப் பார்த்துச் சுற்றுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு சிட்டிகை. புதிதாகக் கட்டுகிற எவரும் இந்த இடத்தில் ஃப்ளையைக் கொழுக்க வைத்துவிடுவார்கள். கொழுத்த உடல் தண்ணீரில் மெதுவாக இறங்கும், கஷ்டப்பட்டு வைத்த எடை பாதி வீணாகும். மணிக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் காலியாக இருக்கட்டும்.

செம்புக் கம்பியை இப்போது பஞ்சு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில், இடைவெளி விட்டு நாலைந்து சுற்று முன்னால் கொண்டுவாருங்கள். அதே திசையில் சுற்றினால் பஞ்சுக்குள் புதைந்துவிடும். எதிர்த்திசையில் போனால் குறுக்கே பிடித்துக்கொள்ளும், மீன் பல் பட்டாலும் உடல் அவிழாது. நூலால் கட்டிவிட்டு, மிச்சக் கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினால் தானாக ஒடியும். நல்ல கத்தரியைக் கம்பியில் வைக்காதீர்கள்.

இனி மயிற்பீலி. பீலியின் கண்ணுக்குக் கீழே அதன் தண்டை ஒட்டி வளரும் இழைகள்தான் அடர்த்தியானவை. மூன்று இழைகளை எடுத்து, நொறுங்குகிற நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, அந்த வெட்டிய முனையைக் காலியாக விட்ட இடத்தில் கட்டுங்கள். இழைகளை நூலோடு சேர்த்து மெதுவாக முறுக்குங்கள். தனியாகச் சுற்றினால் முதல் மீனிலேயே அறுந்துபோகும், நூல் உள்ளே இருந்தால் தாங்கும். மணியை ஒட்டி மூன்று நாலு சுற்று. ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னும், அந்த மினுக்கம் தண்ணீருக்குள்ளும் போகாது.

கால் வேண்டுமானால், மென்மையான பெட்டைக்கோழி இறகை ஒரே ஒரு சுற்று மணியை ஒட்டிச் சுற்றலாம். முதல் சில ஃப்ளைகளில் இதை விட்டுவிடுங்கள், சணல் நாரே கால் வேலையைச் செய்யும்.

முடிச்சு. மணிக்குப் பின்னால் நூலை நாலு சுற்று இறுக்கிச் சுற்றியபின் விப் ஃபினிஷ் போட வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்தால் எளிது. நூலில் பெரிய வளையம் ஒன்றைச் செய்யுங்கள். பாபின் பக்கம் போகிற நூல் தண்டோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். முள்ளிலிருந்து கிளம்புகிற நூல் அதன் மேலே, மணிக்குப் பின்னால் தண்டைச் சுற்றி நாலைந்து தடவை வர வேண்டும். பிறகு பாபின் பக்கத்தை இழுத்தால் வளையம் சுருங்கி உள்ளே போய் மறைந்துவிடும். ஃப்ளையில் செய்வதற்கு முன் துடைப்பக் கட்டையில் சணல் கயிற்றை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். நூலை வெட்டி, முடிச்சின் மேல் ஊசி முனையால் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். முள்ளின் கண்ணுக்குள் பாலிஷ் போய் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். ஃப்ளையை முதலில் ஈர விரலால் நன்றாகப் பிசைந்துவிடுங்கள். காய்ந்த கம்பளி காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு மிதக்கும், அதைப் பார்த்து எடை போதவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு மெல்லிய நரம்பில் கட்டி விடுங்கள். தலை முன்னால் குத்தி, சுழலாமல், நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றால் பஞ்சோ வாலோ ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். நரம்பை ஒரு அங்குலம் தூக்கி விட்டுப் பாருங்கள், தலை தூக்கித் தாழ்கிறதா என்று.

அடுத்து ஈயம் இல்லாமல் மணி மட்டும் வைத்து ஒன்று, மணியும் 6 சுற்றும் வைத்து ஒன்று, மணியும் 12 சுற்றும் வைத்து ஒன்று கட்டி, மூன்றையும் ஒரே பாட்டிலில் விட்டுப் பாருங்கள். எந்த எடை எவ்வளவு வேகம் என்பது கையில் பதியும். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கடைசி முடிச்சுக்கு நிறம் மாற்றிக் கட்டுங்கள்: எடை கூடியதற்குச் சிவப்பு நூல், நடுத்தரத்துக்குப் பழுப்பு, லேசானதற்குக் கறுப்பு. பனியில் விரல் விறைத்திருக்கும்போது பெட்டியைத் திறந்ததும் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் முள்ளைத் திறந்து வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்து பாட்டில்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. எண்ணெய் தடவி வைத்தால் நூல் வழுக்கும், பாலிஷ் பிடிக்காது. ஓடையிலிருந்து திரும்பியதும் ஈர ஃப்ளைகளை ஒரு நாள் முழுக்க உலர்த்திவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள்.

தண்ணீரில்

மீன் பிடிப்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அவசியமானதை மட்டும் சொல்கிறேன். முனை நரம்பு 0.18 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும், தடிப்பான நரம்பு ஓட்டத்தில் இழுபட்டு ஃப்ளையை மேலே தூக்கிவிடும். ஓடைக்கு எதிர்முகமாக நின்று, மீன் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஃப்ளையைப் போடுங்கள். அது தண்ணீரின் வேகத்திலேயே தானாக வரட்டும், நீங்கள் இழுக்காதீர்கள். அவ்வப்போது கல்லில் தட்டுவது நரம்பில் தெரிந்தால் எடை சரி. ஒருமுறைகூடத் தட்டவில்லை என்றால் சிவப்பு முடிச்சுக்கு மாறுங்கள். ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டால் கறுப்புக்கு.

டிக்கெட் எடுப்பதற்கு முன் உதகையில் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் விசாரியுங்கள். அவலாஞ்சி, மேல்பவானி போன்ற இடங்கள் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடவே கூடாது. அனுமதி கிடைத்த இடத்தில் எத்தனை மீன், எந்த அளவு மீன் எடுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டியது 12-ஆம் நம்பரில் மூன்று எடையிலும் நாலு நாலு, 14-ஆம் நம்பரில் லேசானது நாலு.